சட்டைக்குள் இருந்த அடையாள அட்டை

ஒரகடம் தொழிற்சாலை ஒன்றில் பணியாளர் அதிகாரியாக இருந்தபோது, என் பிடிவாதத்தால் ஒரு பெண்ணின் உயிருக்கே ஆபத்தை வரவழைத்தேன்.

அன்று வெளிநாட்டு விருந்தினர்கள் வருவதாக இருந்தது. எல்லாருடைய சீருடையையும் சரிபார்த்துக்கொண்டு வந்தேன். பொருள்களை நகர்த்தும் கன்வேயர் அருகே நின்ற மல்லிகா மட்டும் கழுத்து நாடாவில் தொங்கும் அடையாள அட்டையைச் சட்டைக்குள் செருகியிருந்தார்.

“வெளியே எடுத்துப் போடும்மா.”

“குனிஞ்சா நாடா ரோலர்ல மாட்டிக்கும் சார். அதான் உள்ள வெச்சிகினு கீறேன்.”

“எனக்கே பாடம் எடுக்கிறியா?” என்று அதட்டினேன். அட்டையை வெளியே எடுத்துப் போட்டார்.

சற்று நேரத்தில் அலறல் கேட்டது. நாடா ரோலரில் சிக்கி அவரை இழுத்துக்கொண்டிருந்தது. நான் உறைந்து நின்றேன். பக்கத்தில் நின்ற தேவி பாய்ந்து இயந்திரத்தை நிறுத்தும் சிவப்புப் பொத்தானை அழுத்தினார். நல்லவேளை, கழுத்தில் ஒரு சிவந்த கோட்டோடு போயிற்று.

விபத்து அறிக்கையில், ‘என் உத்தரவால் நடந்தது’ என்று எழுதிக் கையெழுத்திட்டேன். மறுநாள் எல்லார் முன்னிலையிலும் மல்லிகாவிடம் மன்னிப்புக் கேட்டேன். எனக்கு வரவிருந்த பதவி உயர்வு நின்றது. ஆனால் நாடா போய், சட்டைப்பையில் குத்தும் கிளிப் வந்தது.

ஓய்வு பெறும்வரை, காரணம் கேட்காமல் யாருடைய உடையையும் நான் குறை சொல்லவில்லை. கிளிப் வந்த அன்று மல்லிகாதான் முதலில் கேட்டார்: “இப்ப குனியலாமா சார்?”

“நீதாம்மா சொல்லணும்” என்றேன்.