நானூறு பவுண்டு நாக்கு

அப்பா வாங்கிய கேரவனைப் பற்றி யாராவது பேச்செடுத்தால் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வரும். காடு மேடெல்லாம் ஏறி இறங்குகிற ரகம், பாறையில் இழுத்துக்கொண்டு போனாலும் ஒன்றும் ஆகாது என்று சொல்லித்தான் வாங்கினார். தடித்த இரும்புச் சட்டம், பெரிய பெரிய சக்கரங்கள், உள்ளே சமையலறை, குளியலறை, கட்டில். பிக்கப் வண்டிக்குப் பின்னால் ஒரு வீட்டையே கட்டி இழுக்கலாம். ஆனால் வாங்கிய நாளிலிருந்து அது டெக்சாஸ் ஆலனில் எங்கள் வீட்டு டிரைவ்வேயில் நின்றதோடு சரி. அது ஏறிய ஒரே மேடு அந்த டிரைவ்வேதான். இதை எப்போது எடுப்பீர்கள் என்று குடியிருப்புச் சங்கத்திலிருந்து மாதம் தவறாமல் கடிதம் வரும். கோயமுத்தூரில் போட்டோவைப் பார்த்த சித்தப்பா, வீட்டில் ஏதாவது ஷூட்டிங் நடக்கிறதா என்று கேட்டார்.

எனக்குப் பத்து வயதானபோது அதற்கும் ஒரு வேலை வந்தது. ஹூஸ்டனில் இருந்த அத்தை, அதாவது அப்பாவின் தங்கை, தன் மகளுக்கு மஞ்சள் நீராட்டு விழா வைத்தார். அழைப்பிதழில் ஹாஃப் சாரி ஃபங்ஷன் என்று நாகரிகமாகப் போட்டிருந்தாலும் விஷயம் அதுதான். தாய்மாமன் சீர் வந்து இறங்காமல் அந்த விழா தொடங்காது. அப்பாவுக்கு ஒரே தங்கை. அத்தை கல்யாணத்தின்போது விசா சிக்கலில் அப்பாவால் ஊருக்குப் போக முடியாமல் போனதை அத்தையின் மாமியார் வீட்டில் வருடக்கணக்காகச் சொல்லிக் காட்டிக்கொண்டிருந்தார்கள். அதற்கெல்லாம் சேர்த்து இந்தச் சீரில் வாயடைத்துவிட வேண்டும் என்று அப்பா முடிவு கட்டியிருந்தார்.

ஐம்பத்தொரு தட்டு வரிசை. ஆளுயரக் குத்துவிளக்கு இரண்டு. வெட் கிரைண்டர். பதினோரு பை அரிசி. நூற்றியொரு தேங்காய். இது போதாதென்று, ஊரிலிருந்து கப்பலில் வரவழைத்த தேக்கு ஊஞ்சல், பித்தளைச் சங்கிலியோடு. தட்டுகளும் பூப்பெட்டிகளும் மென்மையான சாமான்களாம், அவை பிக்கப்பின் முதுகில் பத்திரமாக உட்கார்ந்தன. கனமானதையெல்லாம் கேரவனின் பின்கோடியில் இருந்த சமையலறையில் அடுக்கினார். உள்ளே நுழையாத ஊஞ்சலைக் கேரவனின் வாலில் நீட்டிக்கொண்டிருந்த இரும்புத் தட்டில் வைத்துக் கட்டினார். மண்டபத்தில் பாத்ரூமுக்கு வரிசை நிற்கக் கூடாது என்று கேரவனின் தண்ணீர்த் தொட்டியையும் விளிம்பு வரை நிரப்பினார்.

அம்மா இரண்டு வாரமாகக் கேரவனின் கையேட்டைப் படித்துக்கொண்டிருந்தாள். சமையலுக்கு நடுவில் படித்தாள், என்னை நீச்சல் வகுப்பில் விட்டுவிட்டு வண்டியில் உட்கார்ந்து படித்தாள். கதைப்புத்தகமாவது படிக்கக் கூடாதா என்று எனக்குக் கடுப்பாக இருக்கும். எதையுமே அளந்து பார்க்காமல் அம்மாவால் இருக்க முடியாது. டல்லாஸின் ஐந்தடுக்கு மேம்பாலத்தில் போகும்போதெல்லாம் பேச்சை நிறுத்திவிட்டு, கண்ணாடியோடு தலையை ஒட்டிக்கொண்டு தூண்களைப் பார்ப்பாள். அம்மா ஊரில் ஏதோ ஆபீசில் வேலை பார்த்தவள் என்பது மட்டும் எனக்குத் தெரியும்.

கேரவனின் பக்கவாட்டில் ஒட்டியிருந்த தாளை அப்பாவிடம் காட்டி, எல்லாம் சேர்த்து ஏழாயிரம் பவுண்டுக்கு மேல் போகக் கூடாது, அதுதான் சட்டப்படியான அளவு என்று அம்மா சொன்னாள். மலையேறுகிற வண்டியென்று இரும்புச் சட்டத்தையெல்லாம் தடிமனாகச் செய்திருக்கிறார்கள், அதனால் அதன் சொந்த எடையே அதிகம், நாம் ஏற்றுவதற்கு மிச்சம் கொஞ்சம்தான் என்றும் சொன்னாள். எனக்கே புரிந்தது. அப்பாவுக்குப் புரியவில்லை.

"மலையேறுற வண்டி அம்மிணி. அரிசிப் பைக்கு அசையுமா?" என்றார்.

அசைந்தது.

காலை ஆறு மணிக்குக் கிளம்பினோம். மூன்று மணிக்குச் சீர் இறங்க வேண்டும், நாலரைக்குள் நல்ல நேரம் முடிந்துவிடும். கோர்சிகானா தாண்டியதும் ஒரு பெரிய லாரி எங்களை முந்திக்கொண்டு போனது. அது கடந்த காற்றில் கேரவன் ஒரு பக்கம் இழுத்தது, பிறகு மறுபக்கம், பிறகு இன்னும் பெரிதாக. பிக்கப்பின் பின்பக்கமும் அதோடு சேர்ந்து ஆடியது. அப்பா ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு "முருகா, முருகா" என்றார். நான் பின் சீட்டில் கத்தினேன்.

"பிரேக் மிதிக்காதீங்க. ஆக்ஸிலேட்டர்ல இருந்து கால மட்டும் எடுங்க," என்றாள் அம்மா. இரைந்து சொல்லவில்லை. சொல்லிக்கொண்டே டாஷ்போர்டுக்குக் கீழே இருந்த ஒரு சின்ன நெம்புகோலை அழுத்திப் பிடித்தாள். கேரவனுக்கு மட்டும் பிரேக் போடுகிற நெம்புகோல் அது. அப்படி ஒன்று இருப்பது அப்பாவுக்கே தெரியாது. ஆட்டம் மெல்லக் குறைந்து, கேரவன் நல்ல பிள்ளையாகப் பின்னால் வர ஆரம்பித்தது. பிறகு அப்பா, காற்று பலமாக இருக்கிறது என்றார்.

அடுத்த லாரி நிறுத்தத்தில் எடை மேடை இருக்கிறது, எடை போடாமல் இனி ஓர் அடி நகரக் கூடாது என்று அம்மா சொன்னாள். அப்பா நேரத்தைச் சொன்னார், தங்கையைச் சொன்னார், மாமியார் வீட்டைச் சொன்னார். அம்மா, தான் இறங்கி நடந்தே வருவதாகச் சொன்னாள். அப்பா வண்டியைத் திருப்பினார்.

அந்த எடை மேடை பதினெட்டுச் சக்கர லாரிகளுக்கானது. உள்ளே இருக்கும் ஆளைக் கூப்பிடுகிற பொத்தான் லாரி டிரைவரின் கைக்கு எட்டுகிற உயரத்தில் இருந்தது. அப்பா ஜன்னல் வழியாக எக்கினார், எட்டவில்லை. கீழே இறங்கிக் குதித்தும் எட்டவில்லை. பின்னால் நான்கு லாரிகள் வரிசையில் நின்றன. ஒரு பஞ்சாபி லாரி டிரைவர் இறங்கி வந்து, தலைப்பாகையைச் சரிசெய்துகொண்டு, ஒரு குச்சியால் பொத்தானை அமுக்கினார். பூமி பிளந்தால் உள்ளே போய்விடலாம் போல எனக்கு இருந்தது.

ஒரு தடவை எடை போட்டதோடு அம்மா விட்டாளா? கேரவனை ஓரமாகக் கழற்றி விட்டுவிட்டு, பிக்கப்பை மட்டும் மறுபடி மேடையில் ஏற்றச் சொன்னாள். கேரவன் மாட்டியிருந்தபோது பிக்கப்பின் சக்கரங்களில் விழுந்த எடையிலிருந்து இதைக் கழித்தால்தான் நாக்கின் எடை தெரியுமாம். கேரவனின் முன்னால் நீண்டு வந்து பிக்கப்பின் கொக்கியில் உட்காரும் இரும்புக் கைக்கு ஆங்கிலத்தில் நாக்கு என்றே பெயர். அந்த நாக்கு கொக்கியை அழுத்துகிற கனம், கேரவனின் மொத்தக் கனத்தில் பத்தில் ஒரு பங்காவது இருக்க வேண்டும். முன்னால் கனம் குறைந்து பின்னால் கூடினால் கேரவன் வாலை ஆட்டும்.

"இதுக்கும் நாக்கு இருக்கா? எனக்கு வீட்ல இருக்கிற ஒண்ணே போதும்," என்றார் அப்பா. பஞ்சாபிக்காரருக்குப் புரியாவிட்டாலும் மரியாதைக்குச் சிரித்தார்.

அம்மா என் பள்ளிப் பையைத் திறந்து என் கணக்கு நோட்டை எடுத்தாள். நடுவில் ஒரு வெள்ளைப் பக்கத்தைப் பிரித்து, நடைபாதை விளிம்பில் உட்கார்ந்து என் பென்சிலாலேயே எழுத ஆரம்பித்தாள். அது ஸ்கூல் நோட்டு, டீச்சர் திங்கட்கிழமை பார்ப்பார் என்று நான் ஆங்கிலத்தில் சண்டை போட்டேன். காதிலேயே விழவில்லை. கோடு போட்டு வண்டியை வரைந்தாள், சக்கரங்களுக்கு அடியில் அம்புக்குறி போட்டாள். கேரவன் ஏழாயிரத்து ஐந்நூற்று அறுபது பவுண்டு. ஐந்நூற்று அறுபது அதிகம். நாக்கில் எழுநூற்றைம்பதாவது இருக்க வேண்டிய இடத்தில் வெறும் நானூறு.

அப்படியானால் எல்லாவற்றையும் பிக்கப்பில் ஏற்றிவிடலாம் என்றார் அப்பா. அம்மா டிரைவர் பக்கக் கதவைத் திறந்து அங்கே ஒட்டியிருந்த இன்னொரு தாளைக் காட்டினாள். பிக்கப்புக்கும் ஓர் அளவு உண்டு, அதில் ஆட்கள், சாமான், கேரவனின் நாக்கு எல்லாமே அடக்கம். உங்கள் எடை என்ன என்று அப்பாவைக் கேட்டாள். எண்பது கிலோ என்றார் அப்பா. அம்மா தொண்ணூற்றிரண்டு என்று எழுதினாள்.

சீரில் ஒரு தேங்காயைக்கூட வழியில் இறக்க மாட்டேன் என்று அப்பா கைகட்டி நின்றுவிட்டார். எடுத்த சீரைக் குறைத்துக்கொண்டு போனால் தங்கை அந்த வீட்டில் தலைநிமிர முடியாது என்றபோது அவர் குரல் உடைந்தது. எனக்கு முதல் தடவையாக அவர்மேல் பாவமாக இருந்தது.

"சீர்ல கை வைக்க வேண்டாமுங்க," என்றாள் அம்மா. "உங்க சாமானத்த இறக்குங்க."

முதலில் தண்ணீர். அடியில் இருந்த குழாயை அம்மாவே திறந்துவிட்டாள். முந்நூற்று முப்பது பவுண்டுத் தண்ணீர் லாரி நிறுத்தம் முழுக்க ஓடியது. டிரைவர்கள் காலைத் தூக்கித் தூக்கி நடந்தார்கள். பிறகு காடுமேட்டுக்கென்று அப்பா ஆசை ஆசையாக வாங்கி, பிரித்துக்கூடப் பார்க்காத சாமான்கள்: இன்னொரு ஸ்பேர் டயர், மணலில் புதைந்தால் போட்டுக்கொள்ளும் பலகைகள், ஆளுயர ஜாக்கி, ஜெனரேட்டர். அதையெல்லாம் ஞாயிற்றுக்கிழமை வரை வைத்துக்கொள்ளப் பக்கத்து டயர் கடைக்காரர் ஒப்புக்கொண்டார். அப்பா ஒவ்வொன்றையும் பெண்ணைப் புகுந்த வீட்டில் விடுகிற முகத்தோடு தூக்கிக்கொண்டு போனார். ஊஞ்சல் வாலிலிருந்து பிக்கப்பின் முதுகுக்கு வந்தது. கிரைண்டரும் அரிசியும் விளக்குகளும் கேரவனின் முன்பக்கத்துக்குப் போய்ப் பட்டையால் கட்டப்பட்டன. எதை எத்தனை அடி தள்ளி வைக்க வேண்டும் என்று அம்மா நோட்டைப் பார்த்துச் சொல்ல, அப்பாவும் பஞ்சாபிக்காரரும் வைத்தார்கள்.

வேலை முடிந்து மூச்சு வாங்கும்போது பஞ்சாபிக்காரர் அம்மாவைப் பார்த்து, மேடம் இன்ஜினியரா என்று ஆங்கிலத்தில் கேட்டார். அம்மா நிமிர்ந்தாள். அவள் வாயைத் திறப்பதற்குள் அப்பா முந்திக்கொண்டார். "நோ நோ. ஹவுஸ்வைஃப்," என்று சொல்லிச் சிரித்தார். அம்மா மறுபடி நோட்டில் குனிந்துகொண்டாள்.

இதோடாவது முடிந்ததா என்றால் இல்லை. மறுபடி மேடை, மறுபடி கழற்றி, மறுபடி மேடை. எனக்கு அழுகையே வந்துவிட்டது. கேரவன் ஆறாயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபது, நாக்கு எழுநூற்று நாற்பது. அம்மா அதை எழுதி, அடியில் இரண்டு கோடு போட்டு, தேதி போட்டு, முழுப் பெயரோடு கையெழுத்தும் போட்டாள். எனக்கு வந்ததே கோபம். என் நோட்டில் இவள் எதற்குக் கையெழுத்துப் போடுகிறாள் என்று கேட்டேன்.

"கணக்குப் போட்டவங்க கையெழுத்துப் போடணும் கண்ணு," என்றாள். "நாளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா, யாரு போட்டதுன்னு தெரியணும்ல."

அதன் பிறகு ஹூஸ்டன் வரை கேரவன் இம்மியும் ஆடவில்லை. எத்தனை லாரி முந்தினாலும் ஆடவில்லை. அம்மா அறுபது மைலுக்கு மேல் போகவிடவில்லை, ஆனால் வழியெல்லாம் பாடிக்கொண்டு வந்தாள். அம்மா பாடி நான் அதற்கு முன் கேட்டதில்லை. அப்பாவை ஜெயித்துவிட்ட சந்தோஷம் என்று நினைத்துக்கொண்டேன்.

மூன்றேகாலுக்குச் சீர் இறங்கியது. நாதஸ்வரம் ஸ்பீக்கரில் முழங்க ஐம்பத்தொரு தட்டும் வரிசையாக உள்ளே போயின. ஊஞ்சலைப் பார்த்து அத்தை அழுதார், மாமியார் வீட்டார் வாயைத் திறக்கவில்லை. சாப்பாட்டுப் பந்தியில் அப்பா எல்லா அங்கிள்களுக்கும் நாக்கு எடையைப் பற்றி வகுப்பெடுத்தார். பத்தில் ஒரு பங்கு, அதுதான் ரகசியம் என்று விரலை ஆட்டி ஆட்டிச் சொன்னார். குப்புற விழுந்தும் அவர் மீசையில் மண் ஒட்டவில்லை. இரண்டு மேசை தள்ளி அம்மா யாருக்கோ ரசம் ஊற்றிக்கொண்டிருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்ததும் நான் செய்த முதல் வேலை, நோட்டிலிருந்து அந்தப் பக்கத்தைக் கிழித்துச் சுருட்டிக் குப்பையில் போட்டதுதான். டீச்சர் பார்த்தால் மானம் போய்விடும் அல்லவா? மறுநாள் நான் பள்ளியிலிருந்து வந்ததும், அந்தப் பக்கம் எங்கே கண்ணு என்று அம்மா கேட்டாள். தூக்கிப் போட்டுவிட்டேன், அது சும்மா டிரெய்லர் கணக்குதானே என்றேன். குப்பை வண்டி காலையிலேயே வந்து போயிருந்தது. அம்மா "சரி" என்று சொல்லிவிட்டு அடுப்பைத் துடைக்கப் போனாள். துடைத்து முடித்த அடுப்பையே ரொம்ப நேரம் துடைத்துக்கொண்டிருந்தாள்.

அம்மா கோயமுத்தூரில் பாலங்களுக்குக் கணக்குப் போட்ட இன்ஜினியர் என்பதும், கணவரின் விசாவோடு ஒட்டிக்கொண்டு வந்தவர்களுக்கு அன்றைக்கு இங்கே வேலை பார்க்க அனுமதி இல்லை என்பதும் எனக்கு வெகு காலம் கழித்துத்தான் தெரிந்தது. அமெரிக்கா வந்த பிறகு மறுபடி வேலைக்குப் போக அவளுக்குப் பதினோரு வருடம் ஆயிற்று. அந்தப் பதினோரு வருடத்தில் அம்மா போட்ட மற்ற கையெழுத்தெல்லாம் என் ரிப்போர்ட் கார்டிலும் ஃபீல்ட் ட்ரிப் படிவத்திலும்தான்.