இல்லாத மாளிகையின் பூங்கா

நவம்பர், மாலை நான்கு மணி. முதலில் கண்ணில் பட்டது ஒரு கருங்கல் படிக்கட்டு. அகலமான ஏழு படிகள். ஏறி முடித்தால் ஈரப் புல். வீடு இல்லை. ஓகூஸ் என்ற டெனிஷ் நகரிலிருந்து பேருந்தில் ஒரு மணி நேரத் தொலைவிலிருந்த எங்கள் அகதி முகாம், அந்த இல்லாத மாளிகையின் குதிரை லாயம்.

யாழ்ப்பாணத்தில் பத்திரிகை வேலை பார்த்த பழக்கத்தில் விசாரித்தேன். நூலகத்தில் ஊர் வரலாறு கிடைத்தது. இரு நூற்றாண்டுகளுக்கு முன், இங்கிலாந்து போய்வந்த பிரபு ஒருவர் அங்கே கண்டதுபோலவே மாளிகையும் பூங்காவும் வேண்டுமென்றார். குடியானவர்கள் கூலியின்றிக் குளம் தோண்டினார்கள். இயற்கையாக உண்டானதுபோலத் தோன்ற அதற்கு வளைந்த கரை. யன்னல் காட்சியைக் கெடுக்கின்றன என்று அவர்களுடைய குடிசைகளையே பிடுங்கி மேட்டுக்கு அப்பால் வைத்தார்கள். கடைசி வாரிசுக்குக் கூரையைத் திருத்த வசதியில்லை. உலகப் போருக்குப் பின் இடித்து விற்றார். எந்த அறைக் கதவு எந்தப் பண்ணைக்குப் போனது என்பதுகூட எழுதப்பட்டிருந்தது. மன்னாரில் என் அறைத்தோழர் மரியதாஸின் வீடு எரிந்தபோது எங்கள் பத்திரிகையில் வந்தது, 'சில வீடுகள் சேதம்.'

மரியதாஸ் புறப்பட்டபோது அவருடைய மகள் தவழ்ந்துகொண்டிருந்தாள். மனைவியையும் மகளையும் அழைக்கும் விண்ணப்பம் கோபன்ஹேகனில் அசையாமல் கிடந்தது. ஏனென்று யாரும் சொல்லவில்லை. பூங்காவில் ஒரு பெரிய மரத்தடியில் சிறிய கல் ஒன்றிருந்தது: ஒரு பெயர், ஒன்பது வருட இடைவெளியில் இரண்டு ஆண்டு எண்கள். பிரபுவின் மகள் என்று மரியதாஸ் தீர்மானித்தார். பாவமறியாத பிள்ளை பரிந்து கேட்டால் ஆண்டவர் மறுக்கமாட்டார் என்று தினமும் மெழுகுதிரி கொளுத்தினார். நான் சைவக்காரன், கூடப் போய்க் கைகட்டி நிற்பேன்.

ஒருநாள் அயலூர்க் கிழவி ஒருத்தி சைக்கிளை நிறுத்திவிட்டுப் பார்த்தாள். அது பிரபுவின் வேட்டை நாய் என்றாள். பிறகு, மிகுந்த மரியாதையோடு, "உங்கள் சமயத்தில் நாயைக் கும்பிடுவீர்களா?" என்று டெனிஷில் கேட்டாள்.

"ஆம்," என்றேன். அவள் தலை குனிந்து, "உன்ஸ்கூல்," என்று மன்னிப்புக் கேட்டுக்கொண்டு போனாள். என் காதுகள் சுட்டன.

"என்னவாம், அண்ணை?"

"நல்ல பிள்ளையாம்."

"அண்ணை, 'ஹுன்' எண்டால் நாய். வகுப்பிலை முதல் கிழமையே படிப்பிச்சவையெல்லே." மரியதாஸ் என்னைப் பார்க்கவில்லை. "செத்த நாய்க்குக் கல்லு நாட்டின சனம். என்ர பெண்சாதி பிள்ளைக்கு ஒரு கடதாசி குடுக்கத்தான் பஞ்சி, மனமில்லை."

"திரியை அணைக்கட்டே?"

"விடுங்கோ. கேட்டதைக் கேட்டாச்சு. எரிஞ்சு முடியட்டும்."

எங்களவர்களின் விண்ணப்பங்களை நீதி அமைச்சரே வேண்டுமென்று நிறுத்திவைத்தது பின்னால் வெளியே வந்தது. பத்திரிகைகள் அதற்குத் 'தமிழர் விவகாரம்' என்று பெயர் வைத்தன. ஓர் அரசாங்கமே விழுந்தது. வேலைத்தலத்தில் டெனிஷ்காரர்கள் எங்கள் முகத்தைப் பார்க்க வெட்கப்பட்டார்கள். தங்கவந்த வீட்டின் கூரையைப் பிரித்தவர்கள்போல நாங்களும் வெட்கப்பட்டோம்.

மரியதாஸின் குடும்பம் அதற்கு முன்பே வந்து சேர்ந்திருந்தது. விமான நிலையத்தில் மகள் அவரை "மாமா" என்று கூப்பிட்டாள்.