குட்டி யானையில் போன சைக்கிள்

என் மகளுக்குப் பிளஸ் ஒன் படிக்கும்போது அரசாங்கத்தின் இலவச சைக்கிள் கிடைத்தது. ஆவடியில் இருக்கும் பள்ளியிலிருந்து பட்டாபிராமில் இருக்கும் எங்கள் வீடுவரை அதை அவள் ஓட்டிக்கொண்டு வரவில்லை. நான் தள்ளிக்கொண்டு வந்தேன். அந்த நெடுஞ்சாலையில் தண்ணீர் லாரியும் கன்டெய்னரும் போகிற போக்கைப் பார்த்த எந்தத் தாயும் அதைத்தான் செய்வாள். மாடிப்படிக்கு அடியில் நிறுத்திப் பழைய போர்வை போட்டு மூடினோம்.

"ஓட்றதுக்குத்தானேம்மா குடுத்தாங்க?" என்றாள்.

"சைக்கிள் குடுத்தாங்க. ரோட்ட யாரு குடுப்பாங்க?" என்றேன்.

அவள் ஆசை ஒன்றும் பெரிதல்ல. காலையில் ஷேர் ஆட்டோவில் நான் பக்கத்தில் இருப்பேன்; அவள் ஆவடியில் இறங்கிக்கொள்வாள், நான் அம்பத்தூர் எஸ்டேட்டுக்கு வேலைக்குப் போவேன். சாயங்காலம் அவள் தனியாகத்தான் திரும்ப வேண்டும். முன்பின் தெரியாத ஆண்களுக்கு நடுவில் பையை மார்போடு அணைத்துக்கொண்டு உட்காராமல் வீடு வந்து சேர வேண்டும், அவ்வளவுதான் அவளுக்கு. எனக்குப் புரியாதா?

அந்த வருடம் எங்கள் சர்ச் ஹாலில் ஒரு கூட்டம் போட்டார்கள். வேலைக்கும் பள்ளிக்கும் சைக்கிளில் போகிறவர்களுக்காக ஊர் முழுவதும் பாதுகாப்பான பாதைகள் போடப்போகிறார்களாம். எங்கே போட வேண்டும் என்று மக்களே சொல்ல வேண்டுமாம். மேசை நிறைய எங்கள் ஊர் மேப், ஆளுக்கொரு ஸ்கெட்ச் பேனா. வேலைக்கு லீவு போட்டுவிட்டு மகளோடு போயிருந்தேன். தண்டவாளத்தை ஒட்டிய உள் தெருக்கள் வழியாக, சேக்காட்டைத் தாண்டி, பெரிய ரோட்டில் கால் வைக்காமலே பள்ளி வாசல்வரை பச்சைக் கோடு இழுத்தேன். என் மகள் குனிந்து பார்த்து, "இங்க இருட்டா இருக்கும், ஒரு லைட் வேணும்" என்று ஒரு புள்ளி வைத்தாள்.

பாடியில் ஒரு தொழிற்சாலைக்குத் தினமும் சைக்கிளில் போகிற எங்கள் தெருக்காரர் மட்டும் பேனாவைத் தொடவே இல்லை. "நல்லாத்தான் வரைஞ்சிகினு கீறீங்கோ. போட்டாத்தான் நெசம்" என்றார். நல்லது நடக்கும்போது குறுக்கே பேசுகிறாரே என்று எனக்குக் கோபம் வந்தது. கூட்டத்தை நடத்திய திட்ட அதிகாரியோ, "சூப்பர்மா, இதுதான் எங்களுக்கு வேணும்" என்று சொல்லி என் பச்சைக் கோட்டைப் போனில் படம் எடுத்துக்கொண்டார். டீயும் சமோசாவும் கொடுத்தார்கள். அன்றைக்கு எனக்கு வந்த சந்தோஷத்தை இப்போது நினைத்தால் பற்றிக்கொண்டு வருகிறது.

"பாதை வரட்டும், மறுநாளே ஓட்டிக்கோ" என்று மகளுக்கு வாக்குக் கொடுத்தேன். அதிலிருந்து ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போய்வந்ததும் போர்வையை விலக்கி டயருக்குக் காற்றடிப்பாள்.

பாதை வந்தது. ஏரிப் பூங்காவைச் சுற்றி வந்தது. அந்தக் கரையில் பள்ளி இல்லை, கம்பெனி இல்லை, ஸ்டேஷனும் இல்லை. வாக்கிங் போகக் காரில் வருகிறவர்கள்தான் இருந்தார்கள். அதிகாரியைப் பிடித்துக் கேட்டேன்.

"எடம் இருக்கற எடத்துலதானம்மா போட முடியும்? இது முதல் கட்டம்" என்றார்.

எங்கள் பச்சைக் கோடு எத்தனையாவது கட்டம் என்று கேட்டேன். போன் வருகிறது என்று சொல்லி நகர்ந்துவிட்டார்.

திறப்பு விழாவுக்கு மாணவிகள் சைக்கிளோடு வர வேண்டும் என்று பள்ளிக்கு உத்தரவு வந்தது. ஏரிக்குப் போகவும் அதே நெடுஞ்சாலையில்தான் போக வேண்டும். பிள்ளைகளுக்கு ஏதாவது ஆகிவிட்டால் விழா கெட்டுப்போகுமே! அதனால் குட்டி யானை என்று நாங்கள் சொல்கிற சின்ன லோடு வண்டியை அனுப்பி, வீடு வீடாகச் சைக்கிள்களை ஏற்றினார்கள்.

கயிறு கட்டிக்கொண்டே டிரைவர் சிரித்தார். "இன்னாக்கா இது, சைக்கிள் ஓட்றதுக்கு சைக்கிளையே லோடு ஏத்திகினு போறோம்?"

எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ரிப்பன் வெட்டினார்கள். என் மகள் முதல் வரிசையில் ஓட்டினாள். நிமிர்ந்து உட்கார்ந்து, துப்பட்டாவை இறுக்கி முடிந்துகொண்டு, வாய் நிறையச் சிரித்தாள். வீட்டில்கூட அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. ஒரு சுற்றுதான். போட்டோ எடுத்து முடித்ததும், "போதும்மா, எறங்குங்க" என்றார்கள். சைக்கிள்கள் திரும்பவும் வண்டியில் ஏறின.

வீட்டு வாசலில் இறக்கியதும் அவளே அதை மாடிப்படிக்கு அடியில் தள்ளிப் போர்வையைப் போட்டாள். "இத்த யாருக்குனா குடுத்துடும்மா" என்றாள். எனக்குக் கொடுக்க மனம் வரவில்லை. இப்போது இரண்டு டயரிலும் காற்று இல்லை.

அன்று எடுத்த போட்டோவை எங்களைக் கேட்காமலே பெரிய போர்டாக அடித்து, ஆவடிக்கு முன்னால் நெடுஞ்சாலையில் வைத்திருக்கிறார்கள். 'பத்திரமாகப் பயணிப்போம்' என்ற எழுத்துக்குக் கீழே என் மகள் சைக்கிளில் சிரித்துக்கொண்டிருக்கிறாள். காலை நெரிசலில் ஷேர் ஆட்டோ அங்கே நின்றுவிடும். நான் தலையை வெளியே நீட்டி அதைப் பார்ப்பேன். பக்கத்தில் பையை மார்போடு அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் அவள் பார்ப்பதில்லை.