மார்கரெட்டின் அம்மாவும் என் ஆக்சென்ட்டும்

பிறருடைய முன்னோர்களைத் தேடிக் கொடுக்கும் தொழிலில் செத்தவர்களால் ஒரு தொந்தரவும் இல்லை. உயிரோடு இருப்பவர்கள்தான் நம்மைத் திருடியைப் பார்ப்பதுபோலப் பார்ப்பார்கள். கதவைத் தட்டிப் பேர் கேட்டு அலைந்த அனுபவம் உள்ளவர்களே, உங்களுக்குப் புரியும். அமெரிக்காவில் பிளெய்ன்ஸ்பரோ பக்கம் ஒரு சின்ன அலுவலகத்தில் எனக்கு அந்த வேலை.

முதல் கேள்வி

மார்கரெட்டுக்கு எண்பது வயதிருக்கும். இங்கிலாந்தில் அநாதை விடுதியில் வளர்ந்தவர். யுத்த சமயத்தில் ஒரு அமெரிக்கச் சிப்பாயைக் கல்யாணம் செய்துகொண்டு இங்கே வந்தவர். பிரசவத்திலேயே அம்மா இறந்துவிட்டதாக விடுதியில் சொல்லியிருந்தார்களாம். அந்த அம்மா யார் என்று தெரிய வேண்டும், அவ்வளவுதான்.

"அம்மாவோட முழுப் பெயர்?" என்று ஆரம்பித்தேன். கைப்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். "அதுதான் என் கணக்குக்கு ரகசியக் கேள்வி. யார் கேட்டாலும் சொல்லக் கூடாதென்று பேங்க்கில் சொல்லியிருக்கிறார்கள்."

வீட்டிலும்தான்

ஒருவழியாகப் பெயர் கிடைத்தது: ஆலிஸ். இங்கிலாந்திலுள்ள சர்ச்சுகளுக்கெல்லாம் போன் போட ஆரம்பித்தேன். ரெட்டைக் கோபுரம் விழுந்து சில வருஷமே ஆகியிருந்த சமயம். என் கணவர் சாதிக் தலையில் கை வைத்துக்கொண்டார். "ஜமீலா, கிரீன் கார்டு அப்ளை பண்ணிட்டு உக்காந்திருக்கோம். நம்ம பேரை வச்சுக்கிட்டு, செத்தவங்க டீட்டெயில்ஸ் கேட்டு ஊரெல்லாம் கால் பண்றியே, யாராவது கம்ப்ளைன்ட் பண்ணா என்ன பண்ணுவே?"

சாகாத அம்மா

சர்ச்சுகளின் பழைய பதிவேடுகளின்படி ஆலிஸ் பிரசவத்தில் சாகவில்லை. கல்யாணமாகாமல் பிள்ளை பெற்ற வேலைக்காரப் பெண். பின்னால் வேறு ஊரில் கல்யாணம் செய்துகொண்டு, ஜோன் என்று இன்னொரு மகளைப் பெற்று, வயதாகித்தான் இறந்திருக்கிறார். இதை எப்படிச் சொல்வது என்று இரண்டு நாள் தவித்துவிட்டுச் சொன்னேன். மார்கரெட் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தார். "இவ்வளவு காலம் உயிரோடு இருந்தவள், என்னை ஏன் தேடவில்லை?"

மறுநாள் அவர் மகன் வந்தார். உட்காரக்கூட இல்லை. "அந்த ஜோன் எங்கள் வீட்டில் பங்கு கேட்பாளா?"

ஜன்னல்

ஜோனுக்கு நான் போன் செய்தபோதெல்லாம், "ஹலோ" என்றதுமே லைன் கட்டாகிவிடும். வீட்டு ஜன்னலை மாற்றித் தருகிறோம் என்று இந்தியாவிலிருந்து கால் சென்டர்கள் இங்கிலாந்துக்காரர்களைப் படுத்திக்கொண்டிருந்த காலம். என் ஆக்சென்ட்டே எனக்கு எதிரி. கடைசியாக ஒருநாள் வைப்பதற்கு முன்னால் ஒரு வாக்கியம் பேசினார். "எங்கள் வீட்டுக்குப் புது ஜன்னல் வேண்டவே வேண்டாம், பெண்ணே."

கால் விரல்

வேறு வழியில்லாமல் என் அலுவலகத்திலிருந்து மார்கரெட்டையே பேச வைத்தேன், ஸ்பீக்கரில். "அம்மாவுக்கு நான் ஒரே பிள்ளை" என்று சொல்லி ஜோன் போனை வைக்கப் போனார். "வைக்காதே!" என்று மார்கரெட் கத்தினார். கோபத்தில் அவருக்குப் பழைய ஊர்ப் பேச்சு வந்துவிட்டது. ஜோன் போனை வைக்கவில்லை.

பிறகு சந்தேகம் தீராத குரலில் ஒரு கேள்வி: "உன் இடது காலில் இரண்டாவது விரலும் மூன்றாவது விரலும் ஒட்டியிருக்கிறதா?"

மார்கரெட் குனிந்து ஷூவைக் கழற்றினார், சாக்ஸைக் கழற்றினார். எண்பது வருஷம் தன்னோடு இருந்த காலை அன்றுதான் முதன்முதலாகப் பார்ப்பதுபோலப் பார்த்தார். "ஆமாம்" என்றார்.

"அம்மாவுக்கும் அப்படித்தான்," என்றார் ஜோன். "எனக்கும்."

இத்தனை பேருடைய சந்தேகத்தையும் தாண்டி அக்கா தங்கையைச் சேர்த்து வைத்த என்னிடம், அடுத்த வாரம் வந்த வாடிக்கையாளர் முதலில் கேட்டது என் அடையாள அட்டையைத்தான்.