பொன்ஜூர் அண்ணையின் கரியர்

தொழிற்சாலையில் எனக்குப் பக்கத்து மேசையில் வேலை செய்தவருக்கு நாங்கள் வீட்டில் வைத்த பெயர் பொன்ஜூர் அண்ணை. காலை ஏழு மணிக்கு அவர் வணக்கமாகச் சொல்லும் பொன்ஜூர், இரும்பு வெட்டும் மெசினின் சத்தத்தையும் தாண்டி மறுகோடி வரைக்கும் கேட்கும். என்னைவிட நாலைந்து வயது மூத்த கியூபெக்காரர். லொறிகளுக்குப் பின்னால் இழுத்துப் போகும் பெட்டிகளுக்குச் சட்டம் செய்கிற இடம் அது. அவர் அளந்து வெட்டுவார், நான் வெல்டிங் அடிப்பேன். என் பிரெஞ்சு தொழிற்சாலைப் பிரெஞ்சு. இரும்பின் பெயரெல்லாம் தெரியும், மனதில் இருப்பதைச் சொல்லத் தெரியாது. ஆனாலும் எங்கள் இருவருக்கும் பேச்சு ஓடிக்கொண்டுதான் இருந்தது.

இரண்டாயிரத்து மூன்றோ நாலோ, ஒரு கோடை. மத்தியானச் சாப்பாட்டின்போது அவர் கேட்டார்:

"என்ரை அப்பா பாவிச்ச பழைய ட்ரக்டர் ஒண்டு கொட்டிலுக்குள்ள கிடக்கு. கொஞ்சம் வெல்டிங் வேலை இருக்கு. சனிக்கிழமை வந்து பாக்கிறீரோ?"

போனேன். சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூ என்ற ஊரைத் தாண்டி, பாலம் கடந்து, சோளத் தோட்டங்களுக்கு நடுவே அவருடைய தகப்பனின் பண்ணை இருந்தது. தகப்பன் இறந்து ஒரு வருடம். கொட்டிலின் கதவைத் தள்ளி, ஆட்டுப் புழுக்கையும் வைக்கோலும் படிந்த தறப்பாளை இழுத்தார்.

முதலில் தெரிந்தது சங்கிலி. பல்லுப் பல்லாய் இரும்புச் சங்கிலி, அதற்குள் சில்லுகள். அதற்கு மேலே சரிவாக நின்ற தகடு. என்னை அறியாமலே இரண்டடி பின்னால் போனேன்.

இலங்கையில் என் ஊரில், போர் நாட்களில், இருபத்திரண்டு வயதில், பள்ளிக்கூடத்துக் கக்கூசுச் சுவருக்குப் பின்னால் ஒரு பகல் முழுக்கக் குப்புறக் கிடந்திருக்கிறேன். சுவருக்கு அந்தப் பக்கம், தார் வீதியில், இப்படியான சங்கிலிகள் போய் வந்துகொண்டிருந்தன. தார் நொறுங்குகிற சத்தத்தை நான் காதால் கேட்கவில்லை, நிலத்தோடு ஒட்டிக்கிடந்த வயிற்றால் கேட்டேன். அன்றைக்குத் தலையைத் தூக்கிப் பார்க்கவே இல்லை. பிறகொருநாள் எரிந்து கிடந்த ஒன்றைத் தூரத்தில் நின்று பார்த்தேன். அவ்வளவுதான்.

"இது ட்ரக்டர் இல்லை" என்றேன்.

"அப்பாவுக்கு ட்ரக்டர்தான்" என்றார் அவர். இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் இராணுவம் மிச்சமாய்க் கிடந்ததையெல்லாம் மலிவாக விற்றதாம். தகப்பன் படையாட்களை ஏற்றிப் போகும் இந்தக் கவச வண்டியை வாங்கி, ஒரு பக்கத் தகட்டை வெட்டி எறிந்துவிட்டு, மேப்பிள் காட்டுக்குள் மரம் இழுக்கவும் பால் பீப்பா ஏற்றவும் ஓட்டியிருக்கிறார். பொன்ஜூர் அண்ணை சிறுவயதில் இதில் ஏறித்தான் பனிக்குள் போய் வந்தவராம். கூடப்பிறந்தவர்கள் பழைய இரும்புக்குப் போடச் சொன்னார்கள். அவருக்கு மனம் வரவில்லை. போருக்குப் போனபோது இருந்த மாதிரியே திருப்பிக் கட்ட வேண்டும் என்பது அவருடைய ஆசை.

நான் வெளியே போய் வெயிலில் நின்றேன். வேலை அதிகம் என்று நான் தயங்குவதாக அவர் நினைத்துக்கொண்டார்.

திரும்பி வந்துவிடலாம் என்றுதான் இருந்தேன். ஆனால் அவர் தானே ஒரு மூலையில் வெல்டிங் அடித்துப் பார்த்திருந்தார். அதைக் காட்டினார். அதைப் பார்த்ததுதான் என் பிழை. அந்தத் தகடு சாதாரண இரும்பில்லை. முதலில் நன்றாகச் சூடாக்காமல் ஒட்டினால், ஒட்டிய இடத்துக்குப் பக்கத்தில் மயிரிழைபோல வெடிக்கும். வெடித்திருந்தது. போதாததற்குக் கோழி எச்சம்போலக் கட்டிகட்டியாக உருகி வழிந்திருந்தது. தொழில் தெரிந்தவன் எப்படி அதைப் பார்த்துவிட்டுச் சும்மா போவான்?

"இதை வெட்டி எடுக்கவேணும்" என்றேன். அப்படித்தான் தொடங்கியது.

மனைவிக்கு ட்ரக்டர் என்று சொன்னேன். பொய் என்று அப்போது தோன்றவில்லை. அவளும் ஊரில் பட்டவள். சங்கிலி, கவசம் என்ற சொற்களை வில்லரேயில் எங்கள் இரண்டாம் மாடி வீட்டுக் குசினிக்குள் கொண்டுவர விரும்பவில்லை. சனிக்கிழமை காலையில் ரொட்டியும் சம்பலும் கட்டித் தருவாள், அவருக்கும் சேர்த்து. சம்பலைத் தின்றுவிட்டு அவர் தண்ணீர்ப் போத்தலைத் தேடி ஓடுவார், அடுத்த கிழமையும் கேட்பார்.

முதல் வருடம் முழுக்கக் கழற்றினோம். கறள் பிடித்த நட்டுகளுக்கு எண்ணெய் விட்டு, ஒரு கிழமை ஊறவைத்து, அடுத்த சனிக்கிழமை வந்து அடித்துப் பார்ப்போம். சங்கிலியின் ஒவ்வொரு ஆணியையும் தனித்தனியாகத் தட்டி எடுத்தோம். குளிர்காலத்தில் கொட்டிலுக்குள் மூச்சு வெள்ளையாய்ப் போகும். கையுறையைக் கழற்றிவிட்டு இரும்பைத் தொட்டால் தோல் ஒட்டிக்கொள்ளும். துண்டு துண்டாகக் கழன்று வாங்குப் பலகைகளில் கிடந்தபோது அது எனக்கு வெறும் இரும்பாகத்தான் இருந்தது. பயமில்லை. திரும்பப் பூட்டத் தொடங்கிய பிறகுதான், உருவம் கூடிவரக் கூடிவர, சில நாட்களில் அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு வேலை செய்ய முடியாமல் இருந்தது. அதை நான் அவரிடம் சொன்னதில்லை.

இரண்டாவது வருட வசந்தம். பின்பக்கத் தரைக்கு அடியில் இறுகிக் கிடந்த சேற்றைச் சுரண்டிக்கொண்டிருந்தோம். அவர் உள்ளே குந்தியிருந்தார், நான் வெளியே நின்றேன். அவருடைய சுரண்டி எதிலோ 'டங்' என்று பட்டது. எட்டிப் பார்த்தேன். முழங்கை நீளமில்லாத ஓர் உருளை. பின்பக்கத்தில் சின்னச் சின்ன இறக்கைகள்.

"அப்பாவின்ரை ஏதோ சாமான்" என்றபடி அவர் சுரண்டியை மறுபடி ஓங்கினார்.

நான் அவருடைய சட்டைக் கொலரைப் பிடித்து இழுத்தேன். மனிதர் தகட்டுக்கு மேலாக உருண்டு வைக்கோலில் விழுந்தார். நான் தமிழில் கத்தியிருக்கிறேன். "வெளியில போங்கோ! ஓடுங்கோ!" என்று. அவருக்கு ஒரு சொல்லும் விளங்கியிராது, ஆனால் ஓடினார். சோளத் தோட்டத்தின் மறுகரையில் வந்து நின்றுதான் மூச்சு விட்டோம். அவருடைய கைத்தொலைபேசியில் பொலிசைக் கூப்பிட்டோம்.

முதலில் ஒரு பொலிஸ்காரர் தனியாக வந்தார். தூரத்திலிருந்து கொட்டிலைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"குண்டு எண்டு உமக்கு எப்பிடித் தெரியும்?"

"நான் இலங்கை" என்றேன். வேறெப்படிச் சொல்வதென்று தெரியவில்லை.

பெயரைக் கேட்டார். என் பெயர் நீளம். இரண்டு தடவை எழுதி வெட்டிவிட்டு, பேனையையும் கொப்பியையும் என்னிடமே தந்தார். என் பெயரை நானே பொலிஸ் கொப்பியில் எழுதிக் கொடுத்தேன். குடியுரிமைக்கு விண்ணப்பம் போட்டு ஒரு வருடமாகியிருந்தது. இலங்கைத் தமிழன், கவச வண்டி, குண்டு. இந்த மூன்றையும் ஓர் அலுவலகத்தில் யாராவது ஒரே வரியில் வாசித்தால் என்ன நினைப்பார்கள்? எத்தனை கடுதாசிகளுக்காக எத்தனை வருடம் காத்திருந்தோம். எல்லாவற்றையும் ஒரு மனிதருடைய பொழுதுபோக்குக்காகக் கவிழ்த்துவிட்டேனே என்று என்னையே நொந்துகொண்டேன்.

குண்டுகளைச் செயலிழக்கச் செய்கிறவர்கள் வர மத்தியானம் தாண்டிவிட்டது. தடித்த உடுப்புப் போட்ட ஒரு பெண் மட்டும் உள்ளே போனார். நாங்கள் தோட்டத்து வேலியோரம் நின்றோம். பொன்ஜூர் அண்ணை சட்டையில் ஒட்டியிருந்த வைக்கோலை ஒவ்வொன்றாகப் பிடுங்கிக்கொண்டிருந்தார்.

அந்தப் பெண் வெளியே வந்தபோது தலைக்கவசத்தைக் கழற்றியிருந்தார். உருளையை ஒரு போத்தலைப்போலக் கையில் தூக்கிக்கொண்டு நடந்து வந்தார்.

"பயிற்சிக்குக் குடுக்கிற டம்மிக் குண்டு. உள்ளுக்கு ஒண்டும் இல்லை" என்றார். பிறகு பொன்ஜூர் அண்ணையைப் பார்த்துச் சொன்னார்: "ஆனால் பாத்தால் உண்மையானது மாதிரித்தான். உண்மையானதாய் இருந்திருந்தால், நீங்கள் சுரண்டியாலை அடிச்ச அடிக்கு இண்டைக்கு நாங்கள் வேற வேலைக்கு வந்திருப்பம். இவர் செய்ததுதான் சரி."

பொன்ஜூர் அண்ணை புல்லில் இருந்துவிட்டார். நான் பொலிஸ்காரரிடம் போனேன். கேட்காமல் வீட்டுக்குப் போக முடியாது.

"ஐயா, இதாலை என்ரை குடியுரிமைக்கு ஏதும் பிரச்சினை வருமோ?"

அவருக்கு முதலில் நான் கேட்டதே விளங்கவில்லை. விளங்கியதும் கொப்பியை என் பக்கம் திருப்பிக் காட்டினார்.

"நீர் ஆபத்தைக் கண்டு எங்களைக் கூப்பிட்டீர் எண்டுதான் எழுதியிருக்கிறன். அதுக்குப் பிரச்சினையோ? நல்ல விசயமெல்லோ."

அந்த வரிகளை மூன்று தடவை வாசித்தேன். பிறகுதான் பசி தெரிந்தது.

வீட்டுக்கு வந்தபோது வெயில் இன்னும் இருந்தது. வெளிப்படிக்கட்டின் கீழ்ப் படியில் மனைவி இருந்தாள். நான் வரப் பிந்தியதால் அவள் பொன்ஜூர் அண்ணையின் வீட்டுக்குத் தொலைபேசி எடுத்திருக்கிறாள். அவள் வேலை செய்வது கார்டெரி என்கிற குழந்தைகள் காப்பகத்தில், பிள்ளைகளோடு பேசிப் பேசிப் பிரெஞ்சு என்னைவிட நன்றாக வரும். அவருடைய மனைவி எல்லாவற்றையும் சொல்லிவிட்டார்.

"டாங்கியோ?" என்றாள்.

"டாங்கி இல்லை. கரியர் எண்டு சொல்லுறது."

"கரியரோ? சைக்கிள் கரியரோ?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவளுக்கு வரவில்லை.

"ஏன் எனக்குப் பொய் சொன்னனீங்கள்?"

"நீ பயப்பிடுவாய் எண்டுதான்."

"பயப்பிடுறதோ! ஒரு ட்ரக்டருக்காக ஒரு மனிசன் ரண்டு வருசமாய்ச் சனிக்கிழமை சனிக்கிழமை போவானோ? கேட்டால் நேராய் மூஞ்சையைப் பாத்துப் பதில் சொல்லுறதும் இல்லை. நான் வேற ஆரோ ஒருத்தி எண்டு நினைச்சன்."

நான் திகைத்துப்போனேன். "ரண்டு பேருக்கு ரொட்டி சுட்டுத் தந்தியே!"

"அதுதான் எனக்கு இன்னும் ஆத்திரம்" என்றாள். பிறகு அவளும் சிரித்தாள், சிரிக்கும்போதே கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நானும் அவளுக்குப் பக்கத்தில் படியில் இருந்தேன். மேல் வீட்டுக்காரர் சாமான் பையோடு எங்களை விலக்கிக்கொண்டு ஏறிப் போனார்.

"அடுத்த சனி நானும் வாறன்" என்றாள்.

வந்தாள். கொட்டிலின் வாசலில் கைகளைக் கட்டிக்கொண்டு நின்று பார்த்தாள். நான் அவளுடைய முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். மெல்ல நடந்து கிட்ட வந்தாள். தகட்டின் மேல் விளிம்பு அவளுடைய நெஞ்சு உயரம்கூட இல்லை.

"இவ்வளவு சின்னனோ?"

எட்டி உள்ளே பார்த்தாள். பிறகு மேலே பார்த்தாள், எதையோ தேடுகிறவளைப்போல.

"மூடி எங்கை?"

"மூடி இல்லை. இது இப்பிடித்தான். மேல திறந்தது."

"அப்ப மழை பெஞ்சால்?"

நான் அதைப் பிரெஞ்சில் சொன்னேன். பொன்ஜூர் அண்ணை சொன்னார்: "என்ரை அம்மா குடை பிடிச்சுக்கொண்டு வருவா." அவர் உண்மையாகத்தான் சொன்னார். இந்த வண்டிக்குள் குடை பிடித்துக்கொண்டு சந்தைக்குப் போகும் ஒரு பெண்ணை நினைத்து மனைவி வாய்விட்டுச் சிரித்தாள். இரண்டு வருடம் அந்தக் கொட்டிலுக்குள் நான் சிரித்ததாக நினைவில்லை. அன்றைக்கு நானும் சிரித்தேன்.

அந்த இலையுதிர்காலத்தில் குடியுரிமைக் கடிதம் வந்தது. பொலிஸ், குண்டு என்று யாரும் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. சத்தியம் செய்துவிட்டு வந்த அன்று மனைவி பால்சோறு பொங்கினாள்.

வண்டி ஓடியது அதற்கு அடுத்த கோடையில். என்ஜினை முன்னரே வெளியில் கொடுத்துத் திருத்தியிருந்தோம். கடைசித் தகட்டை நான்தான் ஒட்டினேன், தலைமயிரளவு வெடிப்பும் இல்லை. பச்சைப் பெயின்ற் பூசியாயிற்று. பொன்ஜூர் அண்ணை ஓட்டும் இடத்தில் ஏறினார். நான் பக்கத்தில். என் மனைவியும் அவருடைய மனைவியும் தூரத்தில் கதிரை போட்டு இருந்தார்கள்.

இருமியது, நின்றது. றேடியேற்றரில் ஒழுக்கு. அடைத்தோம். மறுபடி இருமியது. மூன்றாவது தடவை பிடித்துக்கொண்டது. பழைய லொறி ஒன்றின் சத்தம், வேறொன்றுமில்லை. புல்லில் மெல்ல உருண்டோம். கை தட்டினார்கள்.

பண்ணையின் வாசலில் தார் வீதி. அவர் அதில் திருப்பினார். சங்கிலி தாரில் ஏறியது. அந்தச் சத்தம் வந்தது.

நான் தகட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். கண்ணை மூடியிருப்பேன் போல. அவர் பிரேக் பிடித்தார்.

"நிப்பாட்டவோ?" என்று கேட்டார்.

அவருக்கு என்ன தெரிந்திருந்தது என்று எனக்குத் தெரியாது. ஊரைப் பற்றி நான் ஒருநாளும் சொன்னதில்லை. கண்ணைத் திறந்தேன். இரண்டு பக்கமும் சோளம். முன்னால் ஓர் அஞ்சல் பெட்டி. வீதியில் எங்களைத் தவிர ஒருவரும் இல்லை. எவரும் எங்கும் ஒளிந்திருக்கவில்லை. சத்தம் காதில் மட்டும்தான் கேட்டது.

"இல்லை. போங்கோ" என்றேன்.

சந்தி வரை போனோம். நிறுத்தல் பலகைக்கு முன்னால் அவர் ஒழுங்காக நிறுத்தி, கையை வெளியே நீட்டிச் சைகை காட்டி, ஒரு பால் வண்டியைப் போகவிட்டுத் திருப்பினார். அந்தச் சாரதி எங்களைப் பார்த்த பார்வை இன்னும் நினைவிருக்கிறது.

பின்னேரம் மனைவிதான் காரை ஓட்டிவந்தாள். பண்ணையிலிருந்து வில்லரே வரும்வரை, நெடுஞ்சாலை முழுக்க, நான் வாயைப் பிளந்துகொண்டு குறட்டை விட்டதாகச் சொன்னாள். எழுப்ப மனமில்லாமல் வீட்டு வாசலில் காரை நிறுத்திவிட்டு, நான் விழிக்கும்வரை அவளும் உள்ளேயே இருந்திருக்கிறாள்.