மஞ்சள் பையில் ஒரு அறுபதாம் கல்யாணம்

தொண்ணூறுகளின் பிற்பாதியில், அருப்புக்கோட்டையில் நான் வேலை பார்த்த அச்சகத்துக்குக் கம்ப்யூட்டர் வந்தது. அதில் வேலை செய்யத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். எனக்குப் பெருமையில் தலைகால் புரியவில்லை.

பந்தல்குடியில் பலசரக்குக் கடை வைத்திருந்தவர் ஒருவர், தம் அறுபதாம் கல்யாணத்துக்கு முந்நூறு தாம்பூலப் பை கேட்டு வந்தார். மஞ்சள் பையில் அவருடைய முகமும் மனைவியின் முகமும் இருக்க வேண்டுமாம். அதுவரை நாங்கள் பைகளில் பெயரும் ஊரும்தான் அடித்திருந்தோம். பையில் அச்சடிக்கிற ஸ்கிரீன் துணியில் ஓர் இடத்தில் மை இறங்கும், இல்லாவிட்டால் இறங்காது. போட்டோவில் இருக்கிற சாம்பல் நிறத்துக்கு அங்கே இடமில்லை. முதலாளி தயங்கினார். நான் முந்திக்கொண்டு கடைக்காரரிடம், "செஞ்சிரலாம் அண்ணாச்சி" என்றேன்.

கொண்டுவந்தது பழைய போட்டோ, முழுக்கப் பூஞ்சைப் புள்ளிகள். ஸ்கேன் செய்து, ஒரு புள்ளி விடாமல் துடைத்தெடுத்தேன். பிறகு அதன்மேல் மவுஸால் கோடு கோடாக வரைந்தேன். மூக்கை முழுதாக வரைந்தால் கிழங்கு மாதிரி இருந்தது; மூக்கின் நிழலை மட்டும் கறுப்பாக விட்டேன், மூக்கு தானாக வந்து நின்றது! கன்னத்துக்குக் கோடே வேண்டியதில்லை. கோட்டின் முனையைப் பிடித்து இழுத்தால் உதடு சிரித்தது, கொஞ்சம் விட்டால் முறைத்தது. நான் சத்தம் போட்டே சிரித்தேன்.

"ஏ யாத்தா, அச்சு அசலா அவுகதான்!" என்றார் முதலாளி. முந்நூறு பையையும் கறுப்பு மையில் அடித்துக் காயப்போட்டோம்.

விசேஷத்துக்கு முதல்நாள் காலையில் அண்ணாச்சியும் மனைவியும் வந்தார்கள். அந்த அம்மா ஒரு பையை எடுத்துப் பார்த்துச் சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றது.

"இவுக இந்தா குத்துக்கல்லாட்டம் நிக்காக. எம் பொட்டு எங்கத்தா?"

நானும் ஒரு பையை எடுத்துப் பார்த்தேன். பூஞ்சையோடு சேர்த்துப் பொட்டையும் துடைத்திருக்கிறேன். நாங்கள் வேதக்காரர்கள், கிறிஸ்தவர்கள். அம்மா, சித்தி, அக்கா, எங்கள் வீட்டில் எவர் நெற்றியிலும் பொட்டு கிடையாது. தெருவில் பார்க்காததா? ஆனாலும் வேலை மும்முரத்தில் என் கண்ணுக்கு வெறும் நெற்றி குறையாகவே படவில்லை. நாளைக்கு மறுபடி தாலி கட்டப்போகிற கணவருக்குப் பக்கத்தில், அந்த அம்மாவை விதவையாக நிறுத்தி வைத்திருக்கிறேன். இந்தப் பையை எந்த விருந்தாளியின் கையில் கொடுப்பார்கள்? புதிதாகத் தைத்து அடிக்கவும் நேரமில்லை.

அண்ணாச்சி முகம் சிவந்துவிட்டது. முதலாளி என் பக்கம் திரும்பவே இல்லை. என்ன செய்வதென்று சுற்றிலும் பார்த்தபோதுதான், அலமாரியில் இருந்த சிவப்பு மை டப்பா கண்ணில் பட்டது.

"அம்மா, பென்சிலோட ரப்பர் முனையில சிவப்பு மை தொட்டு வச்சிரலாம்மா! நீங்களே வைங்க. நான் வேதக்காரி."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"அழிச்சவ நீதான? நீயே வையி."

அதுவரை நான் யாருக்கும் பொட்டு வைத்ததில்லை. ரப்பர் முனையைச் சிவப்பு மையில் தொட்டேன். மூச்சைப் பிடித்துக்கொண்டு, இரண்டு புருவத்துக்கும் நடுவில் ஒற்றினேன். கறுப்புக் கோடுகளுக்குள் சிவப்பு பட்டதும் எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. அந்த அம்மா பையை வெடுக்கென்று வாங்கி, கணவரின் முகத்துக்கு நேராகப் பிடித்தார்.

"பாருங்க. இப்பத்தான் இது நான்."

இன்னும் இருநூற்றுத் தொண்ணூற்றொன்பது நெற்றிகள் இருந்தன. நான் அடுத்த பையை இழுத்தேன்.