சாம்பலில் புரட்டிய செம்படாக் கொட்டைகள்

அது என் மனைவி வைத்த மரம். சுவா ஊர்ப் பக்கத்துச் செம்பனைத் தோட்டத்தில், எங்கள் தொழிலாளர் லயத்து வீட்டுக்குப் பின்னால், குளிக்கிற தண்ணீர் ஓடும் கால்வாய் ஓரமாக நின்றது. செம்படாக் மரம். பலாவைவிடச் சின்னப் பழம்தான், வாசம் மட்டும் நாலு வீடு தாண்டிப் போகும். கல்யாணமான புதிதில் சந்தையில் வாங்கிய பழத்தின் கொட்டையை அங்கே ஊன்றி முளைக்க வைத்தாள்.

அவள் கண்ணை மூடி இரண்டு வருடம் ஆகிறது. மரம் அந்த இரண்டு வருடமும் காய்த்தது. ஆளே போய்விட்டாள், இதற்கு மட்டும் என்ன வந்தது என்று எனக்கு எரிச்சலாக இருக்கும். ஆனாலும் அதன் பழம் ஒன்றைக்கூட வெளியே கொடுத்ததில்லை.

பிறகு தோட்டம் கைமாறியது. வீடுகள் கட்டப் போகிறார்களாம், மூன்று மாதத்தில் காலி செய்யச் சொன்னார்கள். செண்டாயானில் தொழிற்சாலை வேலையில் இருக்கும் என் மகள், எங்கள் ஒரே பெண், தன் வீட்டுக்கு வரச் சொன்னாள். லயத்தை விட்டுப் போவதில் எனக்கு வருத்தமில்லை. மழை நாளில் ஒழுகாத மூலையைத் தேடிப் படுத்தவனுக்கு அதில் என்ன வருத்தம். ஆனால் மரத்தைத் தூக்கிக்கொண்டு போக முடியாது. என் மனைவி கையால் வைத்தது வேறு எதுவும் உயிரோடு மிச்சமில்லை. அதன் வித்தில் ஒரு கன்றாவது என்னோடு வரவேண்டும் என்று முடிவு செய்தேன்.

மகள் வந்திருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, கடைசிப் பழத்தை அறுத்தோம். நான் கொட்டைகளைப் பிதுக்கிக்கொண்டிருந்தேன். அவள் இரண்டைக் கழுவி, ஐஸ்கிரீம் டப்பாவில் மண் போட்டு ஊன்றப் போனாள்.

“என்னா பண்ற?”

“இப்பவே போட்டுருவோம்பா. ஈரத்தோட போட்டாத்தான்…”

“ஈரத்தோட போட்டா அழுவிப் போவும்! செம்பனை நர்சரியில இருவது வருசம் ஆளுங்கள வேலை வாங்குன மண்டோரா இருந்தவன் நானு. எனக்கே பாடம் எடுக்கிறியா?”

அவள் கையிலிருந்து கொட்டைகளைப் பிடுங்கினேன். அவள் டப்பா மண்ணைக் கால்வாய் ஓரம் கொட்டிவிட்டுக் கை கழுவப் போனாள்.

வெண்டை, பாகல், பீர்க்கு என்று என் மனைவி விதை எடுத்து வைக்கிற முறை எனக்கு மனப்பாடம். கழுவி, அடுப்புச் சாம்பலில் புரட்டி, முறத்தில் பரப்பி வெயிலில் வைப்பாள். சுக்காகக் காய்ந்ததும் பால்மாவு டின்னில் போட்டு இறுக மூடுவாள். எப்போது எடுத்து ஊன்றினாலும் ஒன்றுகூடப் பழுதாகாது. நானும் ஒன்று விடாமல் அப்படியே செய்தேன். பத்து நாள் நல்ல வெயில். டின்னை ஆட்டினால் கடகடவென்று சத்தம் கேட்டது. அதைக் கேட்க எனக்கு அவ்வளவு நிம்மதி.

வீடு மாறிய மறுவாரம், மரத்தைச் சாய்த்துவிட்டார்கள் என்று பழைய பக்கத்து வீட்டுக்காரர் ஃபோன் பண்ணினார். “போனா போவுது லா, கொட்டை இருக்குல்ல” என்றேன்.

மகள் வீட்டில் கார் நிறுத்தும் இடத்தை ஒட்டி நாலடி மண் இருந்தது. அங்கே பாலிபேக்குகளை வரிசையாக அடுக்கி, பைக்கு ஒரு கொட்டை ஊன்றினேன். ஒரு மாதம் போனது, இரண்டாவது மாதமும் போனது. மகள் தினமும் வேலைக்குப் போகுமுன் தண்ணீர் ஊற்றுவாள். நான் பக்கத்தில் நின்று குனிந்து பார்ப்பேன். முளைத்ததா என்று அவள் ஒரு நாளும் கேட்டதில்லை. அக்கறை இல்லை என்று அதற்கும் உள்ளுக்குள் கோபித்துக்கொண்டேன்.

கடைசியில் ஒரு கொட்டையைத் தோண்டி எடுத்துக்கொண்டு, போர்டிக்சன் சாலையில் பழக்கன்று விற்கும் மலாய்க்காரரிடம் போனேன். அவர் நகத்தால் கீறிப் பார்த்தார். உள்ளே கறுத்துப் போயிருந்தது. காயவைத்த கதையைச் சொன்னதும் தலையை ஆட்டினார்.

“சுடா மாத்தி, பாக்சிக்.”

செத்துவிட்டது பெரியவரே என்றார். இந்த ஊர்ப் பழக் கொட்டைகள் காய்ந்தால் உயிர் போய்விடுமாம். பழத்திலிருந்து எடுத்த ஈரத்தோடு மண்ணுக்குப் போகவேண்டுமாம். ஒட்டுக்கன்று இருக்கிறது, சீக்கிரம் காய்க்கும் என்றார். மோட்டார் சைக்கிளை எடுத்தேன். என் மனைவியும் அந்த மரத்தை வைத்த அன்றைக்கு விரலில் ஒட்டிய பிசினோடுதான் ஊன்றினாள், நான் பக்கத்தில்தான் நின்றேன். அது வழியில்தான் நினைவுக்கு வந்தது. மோட்டாரை ஓரம் கட்டிவிட்டு அழுதேன். அவளை எடுத்துக்கொண்டு போன அன்றைக்குக்கூட நான் அப்படி அழவில்லை.

சாயங்காலம் மகள் வந்ததும் வாசலிலேயே சொன்னேன்.

“கொட்டையெல்லாம் செத்துப் போச்சும்மா. காயவச்சிருக்கக் கூடாதாம்.”

“தெரியும்பா.”

“எப்ப தெரியும்?”

“அன்னைக்கே. ஃபோன்ல பாத்துட்டுத்தான் டப்பால மண்ணு போட்டேன்.”

“தெரிஞ்சேவா இத்தன நாளா தண்ணி ஊத்துன?”

“நீங்க பாத்துக்கிட்டே நிக்கிறீங்க. வேற என்னா செய்ய?”

எனக்குக் கோபம் தலைக்கு ஏறியது. மரம் நிற்கும்போதே சொல்லித் தொலைத்திருந்தால் என்ன, வாயில் என்ன கொழுக்கட்டையா என்று தெருவே கேட்கக் கத்தினேன். கத்திக்கொண்டே அவளைப் பார்த்தேன். தோள்பையை இறக்காமல், ஓரடி பின்னால் போய் நின்றிருந்தாள்.

“இதுக்குத்தாம்பா சொல்லல” என்றாள். “அம்மாவா இருந்தாலும் சொல்லிருக்க மாட்டாங்க.”

அப்படி இல்லை என்று சொல்ல, எங்கள் முப்பது வருடக் குடித்தனத்தில் என் மனைவி என்னைத் திருத்திச் சொன்ன ஒரு நாளாவது நினைவுக்கு வருமா என்று தேடினேன். வரவில்லை.